கறிமிளகாய்க்குள் இறைச்சி வைத்தால்தான் விருந்தா?



கொஞ்சம் நீளமான பதிவு. நோன்பு நெருங்குவதற்கு முன்னர் சொல்லிவிட வேண்டும் என்பதால் இப்போதே எழுதுகிறோம். திட்டுபவர்கள் தாராளமாகத் திட்டலாம். கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நேராக விஷயத்துக்கு வருவோம். கறிமிளகாயைக் கீறி, விதையை எடுத்துவிட்டு, உள்ளே அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் முருங்கை இலையும் வைத்து, தாச்சியில் மூடி வேக வைக்கிறோம். அது ஒரு கறியா, இல்லையா? நம்மூரில் கேட்டுப் பாருங்கள். "அதுக்குள்ள ஒண்டும் இல்லியா?" என்றுதான் பதில் வரும். அந்த "ஒண்டும்" என்பது இறைச்சி, மீன், ரின் மீன், முட்டை. பயறு இருக்கிறது, தேங்காய் இருக்கிறது, கீரை இருக்கிறது, ஆனாலும் அதற்குள் ஒன்றும் இல்லை! இந்தப் பதிவு அந்த "ஒண்டும் இல்ல" என்ற பேச்சுக்கு எதிரானது.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? மார்க்கத்திலிருந்து வரவில்லை. கௌரவத்திலிருந்து வந்தது. ஒரு வீட்டில் விருந்துக்கு மரக்கறி மட்டும் வைத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பிடும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வெளியே வந்து செருப்பைப் போடும்போது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "அவங்களுக்கு இப்பக் கொஞ்சம் கஷ்டமோ?" இந்த ஒரு கேள்விக்குப் பயந்து கடனுக்குக் கோழி வாங்கும் வீடுகள் நம் தெருவில் எத்தனை? மரக்கறி என்றால் வறுமை, இறைச்சி என்றால் வசதி என்று நாமே ஒரு தராசு செய்து வைத்திருக்கிறோம். அந்தத் தராசில் நம் பிள்ளைகளும் நிறுக்கப்படுகிறார்கள்.

ஆசிரியர்களாகிய நாங்கள் அதை இடைவேளை நேரத்தில் தினமும் பார்க்கிறோம். ரோல்ஸ், சொசேஜ் கொண்டுவரும் பிள்ளை பெட்டியைத் திறந்து நடுவில் வைக்கும். கடலையோ, பயறோ, கீரை வறையோ கொண்டுவரும் பிள்ளை மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடும். நல்ல சாப்பாட்டைக் கொண்டுவந்த பிள்ளைக்குத்தான் வெட்கம். வகுப்பில் நாங்கள் போசாக்கு என்று பாடம் நடத்துகிறோம், சுவரில் உணவுக் கூம்பகம் ஒட்டுகிறோம். ஊரே சேர்ந்து நடத்தும் பாடத்துக்கு முன்னால் எங்கள் பாடம் நிற்குமா?

இனி மாதாந்தக் கிளினிக் நாளில் ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ப் பாருங்கள். கையில் கொப்பியோடு வரிசையில் இருப்பவர்கள் யார்? நம் உம்மாமார், வாப்பாமார். முன்பு 60 வயதில் வந்த சீனி வருத்தம் இப்போது 35 வயதிலேயே வந்து நிற்கிறது. பிரஷர், கொலஸ்ட்ரோல் என்பதெல்லாம் சாதாரணப் பேச்சாகிவிட்டது. காலில் வந்த சிறிய புண் ஆறாமல் விரலை எடுத்தவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருக்கிறார்கள். ஜனாஸா வீட்டில் "அல்லாஹ்ட நாட்டம்" என்கிறோம். உண்மைதான், எல்லாம் அவனுடைய நாட்டம். உடம்பு அவன் தந்த அமானிதம் என்பதும் அதே மார்க்கம் சொன்னதுதான்.

இறைச்சிதான் சீனி வருத்தத்தைக் கொண்டுவருகிறது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். வெள்ளைச் சோறு, சீனி போட்ட தேத்தண்ணி, கோதுமை மா, பொரித்த எண்ணெய், அடுத்த தெருவுக்குக்கூட மோட்டார் சைக்கிளில் போகும் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் கொண்டுவருகின்றன. ஆனால் தட்டில் இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போனதும் அதற்குக் காரணம். ஒருவர் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கலியாண சஹனைச் சுற்றி இருக்கும்போது கணக்குப் பாருங்கள். எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய் ஒரு கரண்டி, அச்சாறு ஒரு கரண்டி. அதுவும் ஓரமாகக் கிடந்து கடைசியில் கழுவித் தண்ணீரோடு போகும்.

இதைப் பேசினால் உடனே சில கேள்விகள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: "என்ன சேர், சைவத்துக்கு மாறச் சொல்றீங்களா? ஹலாலானதை ஹராமாக்கப் போறீங்களா?" யாரும் எதையும் ஹராமாக்கவில்லை. அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. அதேபோல, அவன் ஹலாலாக்கியதை மூன்று வேளையும் பர்ளாக்கும் அதிகாரமும் யாருக்கும் இல்லை. வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று சொல்லித் தந்த நபியின் (ஸல்) உம்மத் நாம். ஒரு தையற்காரர் நபியவர்களை விருந்துக்கு அழைத்த ஹதீஸ் நமக்குத் தெரியும். அந்தச் சாப்பாட்டில் உலர்ந்த இறைச்சியும் இருந்தது, சுரைக்காயும் இருந்தது. நபியவர்கள் தட்டில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்ததைப் பார்த்த அனஸ் (ரழி) அவர்கள், அன்றிலிருந்து சுரைக்காயை விரும்பத் தொடங்கியதாகப் புகாரியில் வருகிறது. சுன்னத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் அந்தச் சுரைக்காயை மட்டும் எங்கே விட்டுவிட்டு வந்தோம்?

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது: "நம்மட இறைச்சியைத் தடை செய்யப் பாத்தவங்களோட சேந்து நீங்களும் பேசுறீங்களா?" இந்தக் கோபம் எங்களுக்குப் புரிகிறது. 2013இல் ஹலால் சான்றிதழை வைத்து என்ன பாடுபடுத்தினார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. 2020இல் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்ததையும் மறக்கவில்லை. நம் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று இன்னொருவர் சட்டம் போட்டால் அதை எதிர்ப்போம், இனியும் எதிர்ப்போம். ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். எதிரி "சாப்பிடாதே" என்றதற்காக டொக்டர் "குறை" என்றதையும் கேட்க மாட்டோம் என்றால் நட்டம் யாருக்கு? உரிமை என்பது வேண்டியபோது எடுத்துக்கொள்வதற்கு. தினமும் தின்று நிரூபிப்பதற்கு இல்லை. நம் ஈமான் கறிச்சட்டிக்குள் இருக்கிறது என்று அவர்கள் நினைத்தால் அது அவர்களின் அறியாமை. நாமும் அப்படியே நினைத்தால் அதை என்னவென்று சொல்வது?

மூன்றாவது: "இது நம்மட பாரம்பரியம் இல்லியே." எது பாரம்பரியம்? மிளகாய் வர்க்கமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் காலத்துக்கு முன்னர் இந்த நாட்டில் காரம் என்றால் மிளகுதான். கறிமிளகாயே இடையில் வந்து சேர்ந்த விருந்தாளி. அதற்குள் வைக்கும் ரின் மீன் அதற்கும் பிறகு வந்தது. மேலே புரட்டும் ரஸ்க் தூள் நேற்று வந்தது. இவ்வளவையும் பாரம்பரியம் என்று ஏற்றுக்கொண்ட நாம், நம் நாட்டுப் பயறு உள்ளே போனால் மட்டும் பாரம்பரியம் கெட்டுவிட்டது என்கிறோம்.

இன்னொன்று. அரபு நாட்டுச் சாப்பாடு என்றால் நமக்கு உயிர். மந்தி வந்தது, கப்ஸா வந்தது, ஷவர்மா சந்திக்குச் சந்தி வந்துவிட்டது. அதே அரபு வீடுகளில் கத்தரிக்காய், கூசா, குடைமிளகாய் எல்லாவற்றையும் குடைந்து உள்ளே அடைத்துச் சமைக்கும் மஹ்ஷி ஏன் வரவில்லை? மஹ்ஷி என்றாலே 'அடைத்தது' என்றுதான் பொருள். இறைச்சியோடும் செய்வார்கள், இறைச்சி இல்லாமலும் செய்வார்கள். துருக்கியில் சோறும் வெங்காயமும் வாசனைச் சரக்கும் ஒலிவ் எண்ணெயும் மட்டும் சேர்த்துக் குடைமிளகாய்க்குள் அடைத்து, ஆறவைத்துப் பரிமாறும் டொல்மா பெருநாள் மேசையிலும் இருக்கும். அவர்களை யாரும் "கஷ்டமோ?" என்று கேட்பதில்லை. குவைத்திலும் சவூதியிலும் வேலை செய்துவிட்டு வந்த நம் சகோதரிகள் எத்தனையோ பேருக்கு மஹ்ஷி செய்யத் தெரியும். அவர்களிடம் மந்தியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, நாங்களே கேட்கிறோம். நம் வீட்டுக்கு ஒரு தமிழ் நண்பர் வெள்ளிக்கிழமை விரதத்தோடு வந்தால் என்ன கொடுப்போம்? கூட வேலை செய்யும் சிங்கள ஆசிரியை போயா தினத்தில் வந்தால்? வாழைப்பழமும் சோடாவும்தான். "மரக்கறிதான், சாப்பிடுங்க" என்று வைப்பதற்குள்ளும் மாசி கிடக்கும். சம்பலில் மாசி, பருப்பில் மாசி, கீரையில் மாசி, போதாததற்குக் கோழிச் சூப் கட்டி. மாசி மீன் இல்லையா? மரத்தில் காய்க்கிறதா? விருந்தோம்பலில் நம்மைப்போல் யாருமில்லை என்று மேடையில் பேசுகிறோம். அயல்வீட்டுக்காரர் நிம்மதியாகக் கை வைக்கக்கூடிய ஒரு கறி நம் அடுப்பில் இல்லை.

எனவேதான் இந்தக் கறிமிளகாயைப் பிடித்துக்கொண்டோம். வெளிநாட்டுக்காரர்கள் 'வீகன்' என்று சொல்லும் சாப்பாடு, அதாவது இறைச்சி, மீன், முட்டை, பால், நெய் எதுவும் சேராதது, நமக்குப் புதிது இல்லை என்பதைக் காட்ட இதைவிட இலகுவான கறி வேறில்லை. இஃப்தாருக்கு நாம் எல்லோரும் செய்யும் பண்டம்தான் இது. உள்ளே இருப்பதை மாற்ற வேண்டும், பொரிப்பதை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

பொரிப்பதால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாக்கரைசலும் ரஸ்க் தூளும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். நோன்பு மாதத்தில் நேற்றைய எண்ணெயிலேயே இன்றும் பொரிக்கிறோம். திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெய் கெட்டுப்போகும், அதில் உடம்புக்கு ஆகாத பொருட்கள் உண்டாகும். 13 மணித்தியாலம் காலியாக இருந்த வயிற்றுக்கு நாம் கொடுக்கும் முதல் மரியாதை இது! கறிமிளகாயின் நல்லதும் அந்த எண்ணெய்ச் சூட்டில் ஒரு பகுதி போய்விடும். 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது. தோடம்பழத்தில் 50 அளவில்தான். நம் கறிமிளகாயும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். 5 பேருக்கு 10 நடுத்தரக் கறிமிளகாய் எடுங்கள். பயறு 150 கிராமை இரவே ஊறப்போட்டு, காலையில் உப்பில்லாமல் அவித்து, தண்ணீரை வடித்துவிடுங்கள். பாதியை மசித்து, பாதியை முழுதாக விடுங்கள். சிறிய வற்றாளங்கிழங்கு ஒன்றை அவித்துப் பிசைந்து சேருங்கள். முட்டை இல்லாமலே கலவை பிடித்துக்கொள்ளும்.

தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், 4 பல்லு உள்ளி, சிறு துண்டு இஞ்சி, 2 பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி வதக்குங்கள். 4 மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவைப் போட்டு வாசம் வரும்வரை கிளறுங்கள். பிறகு 2 கைப்பிடி முருங்கை இலை, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி சின்னச் சீரகத் தூள், கொஞ்சம் மஞ்சள், முக்கால் தேக்கரண்டி உப்பு. அதற்கு மேல் உப்பு வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் குறைவாகத்தான், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகத்தான், உப்பு சேர வேண்டும் என்கிறார்கள். பயறையும் கிழங்கையும் சேர்த்துப் பிரட்டி இறக்கிய பிறகு அரைத் தேசிக்காய் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கைக்கும்.

கறிமிளகாயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறுங்கள். காம்பை வெட்ட வேண்டாம், நுனிவரை கீறவும் வேண்டாம். அப்போதுதான் பிளக்காது. தேக்கரண்டியின் காம்பால் விதையையும் வெள்ளை நரம்பையும் சுரண்டி எடுங்கள். காரம் அந்த நரம்பில்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு என்றால் நன்றாக எடுத்துவிடுங்கள். கலவையை அமுக்கித் திணிக்காமல் அளவாக அடையுங்கள். தாச்சியில் இன்னொரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கீறிய பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, மூடிபோட்டு, மெல்லிய நெருப்பில் 5 நிமிடம். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, பக்கவாட்டில் மெதுவாக உருட்டி, இன்னும் 7, 8 நிமிடம். தோல் அங்கங்கே கறுத்துச் சுருங்கினால் ஆயிற்று. களியாகும் வரை விடாதீர்கள்.

கறியாக வேண்டுமென்றால் ரம்பையும் கறிவேப்பிலையும் போட்ட இரண்டாம் தேங்காய்ப்பாலில் அதே 10 நிமிடம். தடித்த முதற்பால் தேவையில்லை. குடைமிளகாய் கிடைத்தால் மேற்பக்கத்தை மூடிபோல வெட்டி, உள்ளே அடைத்து, சட்டியில் நிமிர்த்தி வைத்து, அரைக் கப் தண்ணீர் விட்டு மூடி 20 நிமிடம். சோயா மீட் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். பக்கெற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். "இறைச்சி மாதிரியே இருக்கு" என்ற பாராட்டுக்காக மட்டும் போடாதீர்கள். பயறு பயறாகவே இருக்கட்டும்.

இதில் என்ன கிடைக்கிறது? 150 கிராம் பயறில் ஏறத்தாழ 36 கிராம் புரதம். 5 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு ஒரு முட்டையில் இருக்கும் அளவு. பயறின் நார்ச்சத்து சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறாமல் மெதுவாக ஏற வைக்கும். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விற்றமின் சி வேண்டும். அது கறிமிளகாயிலும் தேசிக்காயிலும் இருக்கிறது. இரத்தச்சோகையால் முகம் வெளிறி வகுப்பில் மேசையில் தலை சாய்க்கும் நம் பெண் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஒன்று மட்டும் கவனியுங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் அந்த இரும்புச்சத்தில் ஒரு பகுதியை அது தடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். காலம் முழுக்க மரக்கறி மட்டுமே சாப்பிடுபவர்கள் விற்றமின் பி12க்கு வேறு வழி பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சாப்பிடும் நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

"இதெல்லாம் ஆர் செய்றது, நேரம் எங்க?" என்று ஆண்கள் கேட்க வேண்டாம். கறிமிளகாயின் விதை எடுப்பதற்குப் பட்டம் தேவையில்லை. நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு சந்தியில் நின்று நேரம் போக்கும் நாம், அரை மணித்தியாலம் அடுப்படியில் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது. நபியவர்கள் வீட்டு வேலையில் குடும்பத்துக்குக் கை கொடுத்தார்கள் என்பதும் ஹதீஸ்தான். உம்மாமாரையும் மனைவிமாரையும் சுகமில்லாதவர்களாக்கிவிட்டு, கிளினிக்குக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போவது அன்பு ஆகாது.

செலவைப் பற்றிப் பேசவே தேவையில்லை. சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கிலோ இறைச்சியின் விலையும் தெரியும், 150 கிராம் பயறின் விலையும் தெரியும். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற நாட்களில் இலையும் கிழங்கும் பயறும்தான் நம்மைக் காப்பாற்றின. வரிசை முடிந்ததும் அவற்றை மறந்தோம்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாள், திங்களோ வியாழனோ, வீட்டில் மாசிகூட இல்லாத மரக்கறிச் சாப்பாடு. வருகிற நோன்பில் இஃப்தாருக்குக் கறிமிளகாய் செய்பவர்கள் பாதியையாவது பொரிக்காமல் வேக வைத்துப் பாருங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் வலீமா வைக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புரியாணியை எடுக்கச் சொல்லவில்லை. அதோடு யாரும் சந்தேகமில்லாமல் கை வைக்கக்கூடிய ஒரு மரக்கறியையும் வையுங்கள். வசதி உள்ளவர்கள் முதலில் வையுங்கள். ஊரில் பெரிய வீடு வைத்தால் "கஷ்டமோ?" என்ற கேள்வி அன்றோடு செத்துவிடும். பிறகு வசதியில்லாத வீட்டு உம்மாவும் கடனில்லாமல் விருந்து கொடுப்பா. அவவின் பிள்ளை வகுப்பில் பெட்டியை முழுசாகத் திறந்து வைத்துச் சாப்பிடும்.

பிள்ளைகள் சாப்பிடாது என்று சொல்லிவிடாதீர்கள். விதை எடுக்கவும் உள்ளே அடைக்கவும் அவர்களையே விடுங்கள். தன் கையால் அடைத்ததைப் பிள்ளை சாப்பிடும். சாப்பிடாவிட்டாலும் அடுத்த வாரம் மீண்டும் வையுங்கள். நாம் சொல்வதைவிட நம் தட்டைப் பார்த்துத்தான் அவர்கள் படிக்கிறார்கள்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் நோயற்ற வாழ்வையும், கிடைத்ததைச் சிறுமையாகப் பார்க்காத மனதையும் தருவானாக. ஆமீன்.